மெல்லிய காற்று, மெல்லிய சிறகு

*கொல்லிமலை விளிம்பிலிருந்து பாராகிளைடரும் இலகு விமானமும் பறக்க முடியுமா? முடியும். எந்த மாதத்தில், யார் பொறுப்பில் என்பதில்தான் உயிர் இருக்கிறது.*

காரவள்ளியில் பேருந்து கொஞ்சம் நின்று கிளம்புகிறது. இனி 70 கொண்டை ஊசி வளைவுகள். இருபதைத் தாண்டும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் ‘டொப்’பென்று திறக்கும். முன் இருக்கையில் ஒரு குழந்தையின் மடியில் சிப்ஸ் பாக்கெட். அடிவாரக் கடையில் வாங்கியபோது தொளதொளவென்று இருந்தது, சோளக்காடு வருவதற்குள் உப்பி விறைத்துப்போய் நிற்கிறது. யாரும் அதில் காற்று ஊதவில்லை. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் குறைந்திருக்கிறது. அடிவாரத்தில் இருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

இறங்கி சீக்குப்பாறைப் பக்கம் போய் நின்றால் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே வயல்களும் ஏரிகளும் சாலைகளும் சிறுத்துக் கிடக்கின்றன. வெயில் ஏற ஏற, சூடான சமவெளிக் காற்று மலைச் சுவரில் மோதி மேலே எழும்புகிறது. தோளில் கிடக்கும் துண்டு தானாகப் படபடக்கிறது. விளிம்புக்கு வெளியே ஒரு பருந்து. பார்த்துக்கொண்டே இருங்கள், அது சிறகை அடிக்கவே இல்லை. வட்டமடித்து, வட்டமடித்து, நம் கண் மட்டத்திலிருந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது.

ஹிமாச்சலின் பீர் பில்லிங்கிலும் கேரளத்தின் வாகமண்ணிலும் வண்ணச் சிறகு கட்டிப் பறப்பவர்களின் வீடியோக்கள் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும் காலம் இது. அந்தப் பருந்தைப் பார்ப்பவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: இங்கே ஏன் கூடாது? சங்ககாலக் குறுநில மன்னன் வல்வில் ஓரி ஆண்ட இந்த மலை 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்த மேட்டுநிலம். நாமக்கல் சமவெளி சுமார் 200 மீட்டர். இடையில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழம். பறக்க ஆசைப்படுபவர்களுக்கு இதைவிடப் பெரிய அழைப்பு வேண்டியதில்லை.

ஆசை நியாயமானது. அதனால்தான் அதை விளம்பரப் பலகையிலிருந்து தொடங்காமல் காற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

என்ஜினுக்கும் மூச்சு முட்டும்

அல்ட்ராலைட், மைக்ரோலைட் என்று சொல்லப்படுபவை அரை டன்னுக்கும் குறைவான எடையுள்ள சின்ன விமானங்கள். ஒருவர் அல்லது இருவர் உட்காரலாம். சிலவற்றுக்கு மூடிய அறை உண்டு. சிலவற்றில் முக்கோணச் சிறகுக்குக் கீழே, திறந்த வெளியில், என்ஜினை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பறக்க வேண்டும். பாராமோட்டார் என்பது முதுகில் மாட்டிய என்ஜின், தலைக்கு மேல் துணிச் சிறகு. என்ஜின் இல்லாமல் துணிச் சிறகு மட்டும் என்றால் பாராகிளைடர். மடித்து முதுகுப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றுக்கும் தீனி ஒன்றுதான், காற்றின் அடர்த்தி. உயரம் கூடினால் அது குறையும். வெயில் கூடினாலும் குறையும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொல்லிமலையையே எடுத்துக்கொள்வோம். மலைமேல் 1,200 மீட்டரில் ஓர் இடம், கோடைப் பகலில் 28 டிகிரி. விமானிகள் போடும் வழக்கமான கணக்குப்படி அந்தக் காற்று, கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரத்துக் காற்றைப் போல நடந்துகொள்ளும். கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத சிறு என்ஜின் கிட்டத்தட்ட அதே அளவு பலத்தை இழக்கும். பெட்ரோல் வழக்கம்போல் வருகிறது, காற்று வரவில்லை. கலவை கெட்டியாகி என்ஜின் திணறும். அதற்கேற்பக் கார்ப்பரேட்டரை மாற்றி அமைக்காத டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களில் இது வெளிப்படையாகவே தெரியும்.

இது என்ஜினோடு நிற்பதில்லை. விசிறிக்கும் பிடி குறையும், சிறகுக்கும் தூக்கும் திறன் குறையும். விமானம் எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். இறங்கும்போது தரையைத் தொடும் வேகம் பத்து சதவீதம் கூடும். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவது. இருபது சதவீதத்துக்கு மேல் கூடுதல் அடி. கால் மடங்கி எழுந்து நடப்பதற்கும் இடுப்பெலும்பு முறிவதற்கும் உள்ள இடைவெளி சில நேரம் அவ்வளவுதான்.

சமவெளியில் பழகிய பைலட் ஒருவர் இந்த மேட்டுநிலத்துக்கு வந்தால் அவருடைய கண்ணும் கையும் பழைய கணக்கிலேயே இருக்கும். காற்று புதிய கணக்கில் இருக்கும். மலைப் பறப்பில் நடக்கும் விபத்துகளுக்கு வீரக் குறைவைக் காரணம் சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

எவரெஸ்ட் வரை போனவர்கள்

மெல்லிய விமானத்தில் பெரும் உயரம் போக முடியாது என்பதில்லை. போயிருக்கிறார்கள், எப்படிப் போனார்கள் என்பதுதான் பாடம்.

1933 ஏப்ரல் 3-ம் தேதி, பிகாரின் பூர்ணியாவிலிருந்து புறப்பட்ட இரண்டு இரட்டை இறக்கை விமானங்கள் முதன்முதலாக எவரெஸ்டுக்கு மேலே பறந்தன. என்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜர், ஆட்களுக்கு ஆக்ஸிஜன், மின்சாரத்தால் சூடேற்றிய உடைகள் என்று தயாராகி வந்தார்கள். 71 ஆண்டு கழித்து, 2004 மே 24 அன்று, பிரிட்டிஷ் பைலட் ரிச்சர்ட் மெரெடித்-ஹார்டி திறந்த மைக்ரோலைட்டில் அதே சிகரத்தை எட்டினார். பின்னால் கயிறு கட்டி இழுத்துச் சென்றது இத்தாலியரான ஏஞ்சலோ டி’அர்ரிகோவின் ஹேங் கிளைடரை. 2012-ல் ஸ்லோவேனியாவின் மாதேவ்ஷ் லெனார்ச்சிச், ‘வைரஸ்’ என்ற சிறு விமானத்தில் தனியாளாக உலகைச் சுற்றியபோது எவரெஸ்டை ஒட்டி சுமார் 8,900 மீட்டர் வரை ஏறினார். அவர் என்ஜினில் டர்போ இருந்தது.

இந்த ‘வைரஸ்’ நமக்கு அந்நியமானதல்ல. அதைச் செய்யும் பிபிஸ்ட்ரல் நிறுவனத்திடம் 194 விமானங்கள் வாங்க 2015-ல் இந்தியா ஒப்பந்தம் போட்டது. விமானப்படைக்கும் கடற்படைக்கும் என்.சி.சி.க்குமாகச் சேர்த்து வாங்கப்பட்டவை. என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் முதன்முதலாக வானம் ஏறுவது இப்படிப்பட்ட மைக்ரோலைட்டில்தான். எவரெஸ்டை ஒட்டிப் போன விமானத்தின் தம்பிதான் அது, டர்போ மட்டும் கிடையாது.

இந்தியர்களின் பங்கும் சிறியதல்ல. தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா 1988-ல் லண்டனிலிருந்து இந்தியாவுக்கு மைக்ரோலைட்டில் 23 நாளில் வந்து சேர்ந்தார். அவரே 2005 நவம்பர் 26-ல், 67 வயதில், மும்பையிலிருந்து வெப்பக்காற்று பலூனில் 21,027 மீட்டர் ஏறி உலக சாதனை செய்தார். திறந்த கூடையில் அல்ல, அழுத்தம் நிரப்பிய மூடிய அறையில். 2007-ல் விமானப்படையின் விங் கமாண்டர்கள் ராகுல் மோங்காவும் அனில் குமாரும் டெல்லியை அடுத்த ஹிண்டன் தளத்திலிருந்து ஜூன் 1-ல் கிளம்பி, 40,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, ஆகஸ்ட் 19-ல் அங்கேயே இறங்கினார்கள். மைக்ரோலைட்டில் 80 நாளுக்குள் உலகம்.

ஒருவர்கூட ஆசைப்பட்ட நாளில் கிளம்பியவர் அல்ல. வானிலைக்காகக் காத்திருந்தார்கள். சரியில்லை என்றால் தரையிலேயே இருந்தார்கள்.

---
■ உயரக் கணக்கு

1,200 மீட்டர் (கொல்லிமலை மேட்டுநிலம்): உடம்புக்குச் சிரமம் இல்லை, என்ஜினுக்கு உண்டு.

3,000 மீட்டர்: சுமார் 10,000 அடி. அழுத்தம் நிரப்பாத விமானத்தில் இதற்கு மேல் அரை மணி நேரத்தைத் தாண்டி இருந்தால் ஆக்ஸிஜன் வேண்டும் என்பது சர்வதேச நடைமுறை. சுமார் 4,000 மீட்டருக்கு மேலே முழு நேரமும் வேண்டும்.

5,500 மீட்டர்: காற்றழுத்தம் கடல் மட்டத்தில் பாதி.

7,600 மீட்டர்: ஆக்ஸிஜன் நின்றுபோனால் சரியாக யோசித்துச் செயல்பட மூன்று முதல் ஐந்து நிமிடம்.

8,849 மீட்டர் (எவரெஸ்ட்): அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு.

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும்.
---

மேகத்தின் வாய்

கொல்லிமலையில் பறப்பவர் 3,000 மீட்டர் போகப் போவதில்லை, ஆக்ஸிஜன் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். அவராகப் போக மாட்டார். மேகம் கொண்டுபோய்விடும்.

2007 பிப்ரவரி 14. ஆஸ்திரேலியாவின் மனில்லா நகரில் பாராகிளைடிங் உலகப் போட்டிக்கான பயிற்சி. ஜெர்மனி அணியின் ஏவா விஸ்னியெர்ஸ்கா அனுபவமுள்ள வீராங்கனை. இரண்டு இடிமேகங்களுக்கு இடையே தாண்டிவிடலாம் என்று பார்த்தார். மேகம் அவரை உள்ளே இழுத்தது. கையிலிருந்த கருவி பதிவு செய்த உச்சம் 9,946 மீட்டர். எவரெஸ்டுக்கு ஒரு கிலோமீட்டர் மேலே, துணிச் சிறகும் கயிறுமாக. அரை மணி நேரத்துக்கும் மேல் நினைவில்லாமல் அந்த மேகத்துக்குள் கிடந்தார். உடம்பெல்லாம் பனிக்கட்டி. நினைவு திரும்பியபோது கீழே இறங்கிக்கொண்டிருந்தார். புறப்பட்ட இடத்திலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளித் தரை தொட்டு உயிர் பிழைத்தார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஒருவர் பிழைக்கவில்லை.

இடிமேகத்தின் அடியில் காற்று மேல் நோக்கிப் பாயும் வேகம், பாராகிளைடர் கீழே இறங்கக்கூடிய வேகத்தையே மிஞ்சிவிடும். அதற்குள் மாட்டினால் திறமை பெரிதாக உதவாது.

இனி கொல்லிமலைக்கு வருவோம். சித்திரையிலும் வைகாசியிலும் காலை நீல வானம், மதியம் இரண்டு மணிக்கு மலை உச்சியில் வெண்மேகம் திரளும், நான்கு மணிக்கு அது கறுத்து இடிக்கும். சமவெளிச் சூடு மலைச் சுவரில் ஏறி மேகமாவதுதான் கோடை மழையின் வழி. சீக்குப்பாறையில் பருந்தைத் தூக்கும் அதே காற்று, வைகாசி மதியத்தில் மேகத்துக்கு ஊட்டும் காற்றாகிறது. மலை விளிம்பில் காலையில் கிடைக்கும் இதமான தூக்கலில் ஏறிய ஒருவர், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மதியம் வரை நீடித்தால் அவர் மேகம் பிறக்கும் இடத்திலேயே இருப்பார்.

கூட்டம் வரும் மாதமும் பறக்கும் மாதமும்

இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான்.

கொல்லிமலைக்குக் கூட்டம் எப்போது வருகிறது? பள்ளி விடுமுறையான மே மாதத்தில். அப்புறம் ஆடியில். ஆடிப் பதினெட்டை ஒட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவில் அரசுக் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை என்று மலை நிரம்பி வழியும். வண்டிகள் வளைவுக்கு வளைவு நிற்கும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கொங்குச் சமவெளியைத் தாண்டி இந்த மலைகளில் அறையும் மாதம் அது. சாதாரணப் பாராகிளைடர் காற்றைக் கிழித்துப் போகும் வேகம் மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர். எதிர்க்காற்று அதைவிடக் கூடினால் முன்னால் பார்த்தபடியே பின்னால் போவார்கள். பின்னால் இருப்பது மலையின் மறுபக்கம். சுவரைத் தாண்டிய காற்று அங்கே உருண்டு சுழலும். துணிச் சிறகு அந்தச் சுழலில் ஒரு பக்கமாக மடங்கிவிடும். தரை பக்கத்தில் இருந்தால் மாற்றுப் பாராசூட் விரிய இடம் இருக்காது. மைக்ரோலைட்டுக்கும் இந்தச் சுழல் ஆபத்துதான்.

ஆக, மே மாதத்தில் இடிமேகம், ஆடியில் பேய்க்காற்று, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை. மிச்சம் இருப்பது தை முதல் பங்குனி வரையிலான வறண்ட, நிதானமான நாள்கள், அதிலும் முற்பகல். அப்போது பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருக்கம். மலையில் வார நாள்களில் ஆளே இருக்காது.

இந்த இடைவெளி வெறும் வானிலைத் தகவல் அல்ல. கடன் வாங்கி இரண்டு சிறகும் ஒரு ஜீப்பும் வாங்கி வைத்திருக்கும் ஆபரேட்டரை நினைத்துப் பாருங்கள். தை மாதம் முழுக்க வாடிக்கையாளர் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். ஆடிப் பதினெட்டு அன்று அவர் கூடாரத்துக்கு முன்னால் வரிசை நிற்கும். காற்றாடிக்குழல் விறைத்து நிற்பதை அவரும் பார்ப்பார், வரிசையையும் பார்ப்பார். அன்றைக்கு “இன்று பறப்பதில்லை” என்று சொல்லும் தைரியத்தை அவருடைய மனசாட்சியிடம் மட்டும் விட்டுவைக்க முடியாது. சட்டம் சொல்ல வேண்டும்.

---
■ ஹிமாச்சல் செய்தது

பீர் பில்லிங்கில் புறப்படும் இடம் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி அங்கே நடந்தது. ஹிமாச்சல் அரசு 2004-லேயே வான் விளையாட்டுகளுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. ஆபரேட்டருக்கும் பைலட்டுக்கும் பதிவு, கருவிகளைச் சோதிக்கத் தொழில்நுட்பக் குழு, மழைக்காலத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை முழுத் தடை. இவ்வளவு இருந்தும் விபத்து நடக்கிறது; 2024 அக்டோபரில் பீர் பில்லிங் வானில் இரண்டு சிறகுகள் மோதி பெல்ஜிய நாட்டவர் ஒருவர் இறந்தார். 2025 ஜனவரியில் கோவாவின் கேரி பீடபூமியில் பாராகிளைடர் விழுந்து, சுற்றுலா வந்த இளம்பெண்ணும் அவரை ஏற்றிச்சென்ற பைலட்டும் உயிரிழந்தார்கள். அனுமதியின்றி நடத்தியதாக நிறுவன உரிமையாளர் மீது வழக்குப் பதிவானது.
---

விழுந்தால் எங்கே?

சமவெளியில் என்ஜின் நின்றால் ஏதாவது ஒரு தரிசு நிலம் கிடைக்கும். கொல்லிமலையின் சரிவில் கிடைக்காது. விளிம்பிலிருந்து அடிவாரம் வரை காப்புக்காடு, பாறை, ஓடை. மேட்டுநிலத்தில் படிக்கட்டு வயல், மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகு, பலா, காபி. மேலிருந்து பார்க்கையில் பச்சைக் கம்பளமாகத் தெரிவது பக்கத்தில் வந்தால் கிளைகள். நடுநடுவே மின்கம்பி.

மரத்தில் தொங்கும் ஒருவரைக் கயிறு கட்டி இறக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். முதுகெலும்பு அசையாமல் தூக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய அறுவை சிகிச்சை என்றால் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி. இடையில் அதே வளைவுகள். முதுகு உடைந்தவரை ஆம்புலன்ஸில் கிடத்தி, ஒவ்வொரு வளைவிலும் உடல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய, இறக்கிக் கொண்டுபோக வேண்டும். மலைவாழ் மக்கள் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் இந்த வழியில்தான் போய்வருகிறார்கள். புதிதாக ஒரு விளையாட்டு வந்து அவர்களுடைய ஆம்புலன்ஸைப் பங்கு கேட்குமானால், முதலில் ஆம்புலன்ஸ் எண்ணிக்கை கூட வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

மைக்ரோலைட் என்பது சட்டப்படி முழு விமானம். ‘வி.டி.’ என்று தொடங்கும் பதிவு எண், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் அனுமதி, ஓட்டுநருக்கு உரிமம் எல்லாம் உண்டு. கொல்லிமலை, சேலம் விமான நிலையத்துக்கும் திருச்சி பன்னாட்டு விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட வானத்தின் கீழ் இருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் எழும்ப முடியாது. பாதுகாப்புக் கண்ணோட்டமும் உண்டு. குடியரசு தினம், சுதந்திர தினம் நெருங்கினால் டெல்லி காவல்துறை பாராகிளைடர், ஹேங் கிளைடர், மைக்ரோலைட் எதுவும் பறக்கக் கூடாது என்று ஆண்டுதோறும் தடை உத்தரவு போடுகிறது.

என்ஜின் இல்லாத பாராகிளைடர்தான் நீண்ட காலம் மத்திய சட்டத்தின் கண்ணில் படாமல் இருந்தது. 2022 ஜூன் 7 அன்று மத்திய அரசு வெளியிட்ட தேசிய வான் விளையாட்டுக் கொள்கை அதை மாற்றப் பார்த்தது. பாராகிளைடிங், ஹேங் கிளைடிங், பலூன், பாராசூட், அல்ட்ராலைட் உட்பட 11 விளையாட்டுகளை ஒரு குடையின் கீழ் கொண்டுவந்து, இந்திய வான் விளையாட்டுக் கூட்டமைப்பு என்ற தலைமை அமைப்பை உருவாக்கியது. அப்போது நாட்டில் இந்த விளையாட்டுகளில் இருப்பவர்கள் சுமார் 5,000 பேர், ஆண்டு வருமானம் 80 முதல் 100 கோடி ரூபாய் என்றும், அதை 8,000 முதல் 10,000 கோடி வரை வளர்க்கலாம் என்றும் அரசு மதிப்பிட்டது.

வான் விளையாட்டுக்கென வான்பகுதியை ஒதுக்கத்தக்க இடங்களுக்கு எடுத்துக்காட்டாக அந்தக் கொள்கை நான்கு பெயர்களைச் சொன்னது: பீர் பில்லிங், காங்டாக், ஹடப்சர், வாகமண். தமிழ்நாட்டுப் பெயர் ஒன்றும் இல்லை. ஏலகிரியில் பாராகிளைடிங் நடந்திருக்கிறது, பொள்ளாச்சியில் 2015 முதல் பலூன் திருவிழா நடந்துவருகிறது. ஆனாலும் இல்லை. இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் பன்னாட்டுப் பாராகிளைடிங் விழாவைக் கேரள அரசின் அமைப்புகளே முன்னின்று நடத்துகின்றன. அவர்கள் தேர்ந்தெடுத்த மாதம் மார்ச். காற்றைப் பார்த்துத் தேதி குறித்திருக்கிறார்கள்.

யாருடைய மலை?

கொல்லிமலை 14 ஊராட்சிகள். வாழவந்தி நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு, தேவனூர் நாடு என்று ஒவ்வொன்றும் ‘நாடு’ என்ற பெயரில் வாழ்கிறது. மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். சாமை, தினை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்களின் பல பாரம்பரிய ரகங்களைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல்லாண்டாக அவர்களோடு வேலை செய்தது இதற்காகத்தான்.

பாராகிளைடர் இறங்கத் தோதான, மரமில்லாத, சமமான நிலம் மேட்டுநிலத்தில் எது? சாமைக் கொல்லையும் நெல் வயலும்தான். தவறி இறங்குபவரைப் பார்க்க ஐம்பது பேர் ஓடிவருவார்கள், பயிர் மிதிபடும். இதற்கு இழப்பீடு யார் தருவது என்பது முதல் நாளே எழுதப்பட வேண்டிய விஷயம்.

தேன் இன்னொன்று. கொல்லிமலைத் தேனுக்கு ஒரு பெயர் உண்டு. மலைத்தேனீ பெரிய அடை கட்டுவது செங்குத்துப் பாறை முகங்களிலும் உயர்ந்த மரங்களிலும். சிறகு கட்டியவர்கள் தூக்கல் தேடி ஒட்டிப் பறப்பதும் அதே பாறை முகங்களைத்தான். கலைந்த தேனீக் கூட்டத்துக்கு நடுவே கயிற்றில் தொங்குபவருக்குத் தப்ப வழியில்லை. அடையை விட்டுத் தேனீ போனால் தேன் எடுக்கும் குடும்பத்துக்கு அந்தப் பருவம் போயிற்று. எந்தப் பாறையில் எந்த மாதம் அடை இருக்கும் என்று தெரிந்தவர்கள் அந்த மலையில்தான் இருக்கிறார்கள். வரைபடம் போட உட்காருபவர்கள் அவர்களைக் கூப்பிட வேண்டும்.

காடு வருகிற இடத்தில் 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் குரல் கொடுத்திருக்கிறது. புறப்படும் இடம் காப்புக்காட்டு விளிம்பில் அமையும் என்றால் வனத்துறையின் கையெழுத்து மட்டும் போதாது.

---
■ அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து மாலத்தீவு வானம் வரை

இலகு விமானம் சாகசத்துக்கு மட்டும்தானா? சென்னையில் பிறந்து, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன், 2006 மார்ச்சில் மாலத்தீவின் ஹனிமாதூ தீவிலிருந்து மூன்று ஆளில்லாச் சிறு விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பறக்கவிட்டார். ஒன்று மாசுப் படலத்துக்குக் கீழே, ஒன்று உள்ளே, ஒன்று மேலே. தெற்காசியாவின் பழுப்பு மேகம், கீழ் வளிமண்டலம் சூரியனால் சூடாவதைச் சுமார் 50 சதவீதம் கூட்டுகிறது என்று அந்த அளவீடுகள் காட்டின. 2007-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. லெனார்ச்சிச்சும் தன் உலகப் பயணத்தில் கரித்துகள் அளக்கும் கருவியைச் சுமந்து சென்றார். பெரிய விமானங்கள் மெதுவாகவும் மலிவாகவும் பறக்க முடியாத உயரங்களில் இந்தச் சிறிய சிறகுகளால் காற்றை அளக்க முடிகிறது.
---

எதிலிருந்து தொடங்குவது?

மலைமேல் ஓடுதளம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மைக்ரோலைட்டுக்கு ஓடுதளம் வெட்ட வேண்டுமானால் மேட்டுநிலத்தில் இருக்கும் கொஞ்சநஞ்சம் சமநிலத்தையும் எடுக்க வேண்டும். அடர்த்தி குறைந்த காற்றில் அது சமவெளி ஓடுதளத்தைவிட நீளமாகவும் இருக்க வேண்டும். மலையைச் சுற்றிப் பறக்க நினைக்கும் மைக்ரோலைட், காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்திலிருந்து அனுமதியோடு எழும்பி வரட்டும். என்ஜின் இரைச்சலும் மலைக்கு மிச்சம்.

கொல்லிமலைக்குப் பொருந்துவது என்ஜின் இல்லாத சிறகு. அதற்கும் முன்னால் வர வேண்டியது விளிம்பில் இரண்டு மூன்று இடங்களில் காற்றளவைக் கருவி. ஓராண்டு முழுக்க, மணிக்கு மணி, காற்று எந்தத் திசை, என்ன வேகம், எத்தனை மணிக்குத் திடீரென்று கூடுகிறது என்று பதிவாக வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் ‘இந்த இடம் பாதுகாப்பானது’ என்று சொல்பவரை நம்பக் கூடாது. அதன் பிறகு அனுபவமுள்ள பைலட்கள் மட்டும் பறந்து பார்க்கட்டும். ஒருவர் ஓட்ட இன்னொருவர் முன்னால் உட்கார்ந்து போகும் சுற்றுலாப் பறப்பு கடைசியில் வரட்டும், தை முதல் பங்குனி வரை மட்டும், முற்பகலில் மட்டும். ஹிமாச்சல் இரண்டு மாதம் தடை போட்டதுபோல, தமிழ்நாட்டு விதியில் சித்திரை, வைகாசி, ஆடி மூன்றும் பெயர் சொல்லித் தடை செய்யப்பட வேண்டும். வல்வில் ஓரி விழாவுக்கு விதிவிலக்கு கேட்டு யாராவது வருவார்கள், அந்தக் கதவு மூடியே இருக்க வேண்டும்.

பைலட்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். வெளியூர் நிறுவனம் வந்து, வெளியூர்ப் பையன்களைக் கூலிக்கு வைத்து, உள்ளூர்க்காரர்களுக்கு ஜீப் ஓட்டும் வேலையும் டீக்கடையும் மட்டும் விட்டுவைப்பது மலைகளில் வழக்கமாகிவிட்டது. சேளூரிலும் செம்மேட்டிலும் பள்ளி முடித்த இளைஞர்களை, பெண்களையும் சேர்த்து, இரண்டு மூன்று ஆண்டு அரசுச் செலவில் தேர்ந்த பயிற்சிக்கு அனுப்பினால், சிறகு வரும்போது அதைப் பிடிக்கும் கை மலையினுடையதாக இருக்கும். பிறந்ததிலிருந்து அந்தக் காற்றின் குணம் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். எந்த மேகம் இடிக்கும், எது கலைந்துபோகும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீட்புக் குழுவும் அவர்களிடமிருந்தே அமையும்.

இதெல்லாம் சென்னையில் ஒரு மேசையில் முடிவாகிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 14 நாடுகளின் சபைகளிலும் இதைப் பொருளாக வைத்து, பயிர் இழப்பீடு, தேன் பாறைகள், ஆம்புலன்ஸ், தடை மாதங்கள் என்று ஒவ்வொன்றாக எழுதி நிறைவேற்றி, அந்தத் தீர்மானங்களை நாமக்கல் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கலாம். ஜனவரி 26-ல் கூடும் சபை அதற்குத் தோதானது. தை மாதம், காற்று எப்படி இருக்கிறது என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தே பேசலாம்.